இஷ்டமில்லாதவன்தானே காலேஜுக்குப் போகல?

காட்பாடி வாசகர் ஒருத்தர் கேட்டது, 11.05.2025

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. நம்ம வேலூர் பக்கம் வழக்கம்போல கடைசி வரிசை. எனக்கு ஒண்ணு புரியல. காலேஜுக்குப் பஞ்சமா? முத்துரங்கம் இருக்கு, ஊரிசு இருக்கு, பொண்ணுங்களுக்கு ஆக்சிலியம், டி.கே.எம்., குடியாத்தத்துல திருமகள் மில்ஸ், சேர்க்காட்டுல யுனிவர்சிட்டியே இருக்கு. பொண்ணுக்கு மாசம் ஆயிரம், பையனுக்கு ஆயிரம். டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட் கிடையாது. உயர்கல்வி சேர்க்கை நாட்டுல 28.4 சதவீதம்னா தமிழ்நாட்டுல 47. இன்னமும் "வாய்ப்பு இல்ல, வாய்ப்பு இல்ல"ன்னு பேசறது பழக்கதோஷம்தானே? இஷ்டமில்லாதவன்தானே போகல?

11.05.2025, இரவு 10.20

இஷ்டமா. சரி.

ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் 2009லேருந்து ஜெராக்ஸ், நெட் சென்டர் வச்சிருக்கேன். மே மாசம் வந்தா கடை வாசல்ல செருப்பு குவியும். இஷ்டமில்லாதவன் எவனும் இந்த வெயில்ல பீஞ்சமந்தை மலையிலேருந்து இறங்கி வந்து என் கடைப் படியில மூணு மணி நேரம் உக்காந்து நான் பார்த்ததில்ல.

மிச்சம் நாளைக்கு. ஷட்டர் இழுக்கணும்.

12.05.2025, மதியம் 2.10

முதல்ல அந்த 47. 18லேருந்து 23 வயசு வரைக்கும் உள்ள ஜனத்தொகைக்கு எத்தனை பேர் காலேஜ்ல பேர் எழுதியிருக்காங்கன்ற கணக்கு அது. எங்க படிக்கிறாங்கன்னு பார்க்கும், எங்கேருந்து வந்தாங்கன்னு பார்க்காது. காட்பாடிக்காரர்தானே நீங்க, சாயங்காலம் வி.ஐ.டி. வாசல்ல நின்னு காது குடுத்துக் கேளுங்க. தெலுங்கு, இந்தி, பெங்காலி எல்லாம் கேக்கும். அத்தனை பேரும் தமிழ்நாட்டு 47ல சேர்த்தி. அப்புறம் அது பேர் எழுதினவங்க கணக்கு, படிச்சு முடிச்சவங்க கணக்கு இல்ல.

அதுக்காக 47 பொய்யின்னு சொல்ல வரல. நம்ம மாநிலம் நிஜமாவே முன்னாடிதான் இருக்கு, அதுல எனக்குப் பெருமைதான். ஆனா சராசரின்றது நம்ம பாலாறு மாதிரி. பாலத்து மேலேருந்து பார்த்தா அகலம் பெருசா இருக்கும். எந்த இடத்துல தண்ணி, எந்த இடத்துல வெறும் மணல்னு ஊத்து தோண்டினாத்தான் தெரியும்.

13.05.2025, இரவு

"சலுகை எல்லாம் இருக்கே"ன்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார். இருக்கு. சலுகையைத் தொடணும்னா கையில காயிதம் வேணும்.

எங்க மலையில இருக்கறவங்க மலையாளிங்க. கேரளாக்காரங்க இல்ல, ஜவ்வாதுமலை ஜனம். எஸ்.டி. பட்டியல்ல அவங்களைப் பத்தின வரி எப்படி இருக்குன்னா, தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள்ல உள்ள மலையாளி. 1976 திருத்தத்துல வந்தது. வட ஆற்காடு 1989லயே ரெண்டாப் பிரிஞ்சு, அம்பேத்கர் மாவட்டம் ஆகி, வேலூர் ஆகி, 2019ல மூணு துண்டாகி, இன்னிக்கு எந்த பஸ் போர்டுலயும் அந்தப் பேர் இல்ல. டெல்லிப் பட்டியல்ல மட்டும் உசுரோட இருக்கு. எங்க தாத்தா கடுதாசி மேல "வ.ஆ. மாவட்டம்"னு எழுதுவாரு. அவருக்கு அப்புறம் அந்தப் பேரை விடாமப் பிடிச்சுனு இருக்கறது அந்தப் பட்டியல்தான்.

ஈரோட்டு மலையிலயும் இதே ஜனம் இருக்கு. அந்த வரியில அந்த மாவட்டம் இல்லாததால அங்க எஸ்.டி. கிடையாது. ஒரு கமாவுல விட்டுப்போன ஊரு.

சரி, இங்க இருக்கறவனுக்காவது சுலபமா? தாசில்தார் கையெழுத்துக்கு முன்னாடி வி.ஏ.ஓ., அப்புறம் ஆர்.ஐ., அப்புறம் விசாரணை. "அப்பனோட சாதிச் சான்று கொண்டா"ம்பாங்க. அப்பன் பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவரு. அவருக்கு ஏது சான்று? பையன் படிக்கணும்னா அப்பனுக்கு முதல்ல வாங்கணும்.

என்னைக் கேட்டா மொத்தப் பிரச்சினையும் இந்தக் காயிதம்தான்.

14.05.2025, காலை 7 மணி

நேத்து தூக்கக் கலக்கத்துல தப்பா எழுதிட்டேன். தாசில்தார் கையெழுத்து எஸ்.சி.க்கு. பி.சி., எம்.பி.சி.க்கு துணை வட்டாட்சியர். எஸ்.டி.க்கு கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. எங்க ஆளுங்களுக்கு இன்னும் ஒரு படி மேல, இன்னும் ஒரு பஸ் தூரம். பதினாறு வருஷமா இதே தொழில், எனக்கே குழப்புது பாருங்க.

18.05.2025, ஞாயிறு

கடை லீவு. என் கதை கேட்டீங்க, சொல்றேன்.

குடியாத்தம் பக்கம் ஒரு ஊரு. அம்மா பீடி சுத்துவாங்க. மடியில முறம், முறத்துல இலை, தூள், கத்தரி. பேசுவாங்க, திட்டுவாங்க, சிரிப்பாங்க, கை மட்டும் நிக்காது. நைனா கைலி தறி. 1994ல பிளஸ் டூ பாஸ். எங்க தெருவுல அதுக்கு முன்னாடி பிளஸ் டூ வரைக்கும் போனவங்களே ரெண்டு பேர்தான். ஒருத்தன் மிலிட்டரி, இன்னொருத்தன் கல்யாணம் ஆகி ஆம்பூர்.

காலேஜ்ல ஃபாரம் வாங்கினேன். எந்தக் காலேஜுன்னு வேணாம். ஃபாரத்தோட நம்ம விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டின உறை ஒண்ணும் வைக்கச் சொன்னாங்க. வச்சுக் குடுத்துட்டு வந்தேன். அப்புறம் தினமும் பதினோரு மணிக்கு வாசல்ல நிப்பேன், போஸ்ட்மேனுக்காக. ஸ்டாம்பு ஒட்டி என் கையாலயே குடுத்த உறையாச்சே, வராம எங்க போகும்? போஸ்ட்மேன் பாவம், எங்க வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை வேகமா மிதிக்க ஆரம்பிச்சாரு.

மூணு வாரம் கழிச்சு, தறிக்கு நூல் வாங்கப் போன இடத்துல ஒருத்தர் சொல்றாரு, "லிஸ்ட் அப்பவே போர்டுல ஒட்டிட்டாங்களே, உன் பேரு இருந்துச்சேப்பா." ஓடினேன். "கூப்பிட்ட தேதிக்கு வரல, அடுத்தவனுக்குப் போயிடுச்சு"ன்னாங்க. போர்டுல ஒட்டுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்ல யாராவது காலேஜ் போர்டைப் பார்த்திருக்காங்களா? என் கூடப் படிச்ச ஒரு பையன், அவங்க மாமா அந்தக் காலேஜ்லயே கிளார்க்கு. அவனுக்கு லிஸ்ட் ஒட்டறதுக்கு முன்னாடியே தெரியும். அவன் என்னைவிட மார்க் கம்மி. அவன் மேல கோவம் இல்ல, நல்லவன்தான், இன்னிக்கும் பேசறோம்.

ஒரு வருஷம் தறியில உக்காந்தேன். அடுத்த வருஷம் தினமும் போயி போர்டைப் பார்த்தேன். லிஸ்ட் ஒட்டாத நாள்லயும் போனேன். வாட்ச்மேன் "இன்னாப்பா, இங்கயே குடிவந்துட்டியா?"ன்னாரு.

பட்டம் வாங்க மெட்ராஸ் சேப்பாக்கம் வரைக்கும் அலைஞ்சது தனிக் கதை. திருவள்ளுவர் யுனிவர்சிட்டி 2002லதான் வந்துச்சு. அதுவரைக்கும் நம்ம காலேஜுக்கெல்லாம் பெரிய வீடு மெட்ராஸ்தான்.

19.05.2025

இல்லீங்க, அந்த உறை இன்னும் வரல.

25.05.2025, இரவு 9 மணி

வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதியே ஆகணும்.

சந்தை நாள். ஆட்டு வியாபாரம் முடிஞ்சு கூட்டம் கலையற நேரம். மலையிலேருந்து ஒரு அப்பாவும் பொண்ணும் வந்தாங்க. அவர் தோள்ல ஒரு மூட்டை புளி, விக்கறதுக்கு. பொண்ணு கையில மஞ்சப் பை, அதுக்குள்ள பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள இன்னொரு கவர், அதுக்குள்ள மார்க் ஷீட். அரசு காலேஜுக்கு ஆன்லைன்ல போடணும். மத்தவங்களுக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும். எஸ்.சி., எஸ்.டி.க்கு அந்த 2 ரூபா மட்டும்தான்.

"என்ன குரூப் வேணும்மா?"

"தாவரவியல்."

"ஏன்?"

"செடிங்கல்லாம் தெரியும்ணா."

அதுவரைக்கும் சுகம். ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்று வேணும், பழசு ஒரு வருஷம் தாண்டிடுச்சு. புதுசுக்கு இ-சேவையில போட்டா ஓடிபி போகுது. எங்க போகுது? அவங்க சித்தப்பா நம்பருக்கு. சித்தப்பா எங்க? குடகுல காபி எஸ்டேட்ல. முன்னாடி எப்பவோ ஒரு வாட்டி சான்று வாங்கினப்ப வீட்ல இருந்த ஒரே போன் அவரோடது.

போன் போட்டோம். "தொடர்பு எல்லைக்கு அப்பால்." எஸ்டேட்டுக்குள்ள சிக்னல் இல்ல, ஆறரை ஏழுக்கு லைன் வீட்டுக்குத் திரும்பினாத்தான் கிடைக்கும். மேல போற கடைசி ஜீப்பு ஆறு மணிக்கு. அந்த அய்யா என்னைப் பார்க்கறாரு, ஜீப்பைப் பார்க்கறாரு. "போயிட்டு அடுத்த வெள்ளிக்கி வரட்டா சார்?" அடுத்த வெள்ளின்னா 30ஆம் தேதி, அதுக்குள்ள எது எது மூடுமோ. இருக்கச் சொன்னேன். ஜீப்பு போயிடுச்சு.

ஏழே காலுக்கு சித்தப்பா எடுத்தாரு. ஓடிபி அனுப்பினேன். "மெசேஜ் வந்திருக்கு, எனக்குப் படிக்க வராதே"ன்னாரு. பக்கத்துல யாரையோ கூப்பிட்டாரு, அந்த ஆளு கன்னடம். "ஆறு, நால்கு..." நாலா நாப்பதான்னு எனக்குக் குழப்பம். டைம் அவுட். மறுபடி. மூணாவது வாட்டி சித்தப்பாவே சொன்னாரு, ஒரு ஒரு நம்பரா, அதோட படத்தை வாயால வரைஞ்சு. "முட்டை. அப்பால தலைகீழா இருக்கற கொக்கி." கொக்கின்னா 7. நானும் அந்தப் பொண்ணும் விழுந்து விழுந்து சிரிச்சோம், அந்த அய்யா மட்டும் சிரிக்கல. அவர் புளி மூட்டை மேல கை வச்சுனு உக்காந்திருந்தாரு.

ராத்திரி கடைத் திண்ணையில படுத்து எழுந்து காலையில மலை ஏறினாங்க.

இஷ்டத்தை எந்தத் தராசுல நிறுக்கறீங்கன்னு சொல்லுங்க, காட்பாடிக்காரரே.

26.05.2025

"அதே மலையிலேருந்து ஒரு பெண் நீதிபதி ஆகலையா?"ன்னு கேக்கறாங்க. ஆனாங்க. ஸ்ரீபதி, புலியூர். உரிமையியல் நீதிபதி தேர்வுல 2024ல ஜெயிச்சு ஊரே கொண்டாடிச்சு. அவங்க படம் என் கடைச் சுவத்துல ஒட்டியிருக்கு. குழந்தை பிறந்து ரெண்டாம் நாள் சென்னைக்குப் போயி பரீட்சை எழுதினவங்க. கும்பிடறேன். ஆனா பிரசவமாகி ரெண்டாம் நாள் எழுதிக் காட்டினாத்தான் மலைப் பொண்ணுக்கு இஷ்டம் இருக்குன்னு ஒத்துக்குவேன்னா, அதே அளவுகோலை உங்க வீட்டுப் பிள்ளைக்கும் வையுங்க.

01.06.2025

நிறைய பேர் போன்ல கேக்கற கேள்வி, அதனால இங்கயே எழுதறேன். முதல் பட்டதாரி சான்றுக்காக நாள் கணக்குல அலையறாங்க. அது என்ஜினீயரிங் மாதிரி தொழிற்படிப்புக்குக் கவுன்சிலிங்ல போறவங்களுக்குத்தான் கட்டணச் சலுகை. பி.ஏ., பி.எஸ்சி.க்கு அதை வச்சுனு ஒண்ணும் ஆகாது. ஆனாலும் "எதுக்கும் இருக்கட்டும்"னு வாங்கறாங்க, அதுக்குள்ள வேண்டிய சான்று விட்டுப்போகுது.

அதே மாதிரி இன்னொண்ணு தெரியாம இருக்காங்க. ஆறாவதுலேருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளின்னா 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு. மருத்துவத்துல 2020லேருந்து, என்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, சட்டத்துல எல்லாம் 2021லேருந்து. அந்த வழியில போனா படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் ரெண்டையும் கவர்மெண்டே கட்டும். நடுவுல ரெண்டு வருஷம் "நல்லாப் படிக்கட்டும்"னு கடன் வாங்கி இங்கிலீஷ் மீடியம் தனியார் ஸ்கூல்ல சேர்த்த பெத்தவங்களுக்கு அது போச்சு. ஒரு அம்மா என் கடையில நின்னு அழுதாங்க. கம்மலை அடகு வச்சு சேர்த்தாங்களாம், ஏழாவதும் எட்டாவதும் மட்டும்.

08.06.2025, ஞாயிறு

பேச்சு எங்கெங்கயோ போகுது, போகட்டும்.

பொண்ணுங்களை வேலைக்குக் கூட்டினு போற ஷூ கம்பெனி வேனைப் பத்தி ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. நூத்துல ஒரு வார்த்தை. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் காலையில விடியறதுக்குள்ள வேன் வாசல்லயே வந்து நிக்கும். சாயங்காலம் வாசல்லயே இறக்கி விடும். காலேஜ் எந்த வாசலுக்காவது வருதா? ஒடுகத்தூர்லேருந்து வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு, அங்கேருந்து பாகாயம் வண்டி பிடிச்சு முத்துரங்கம் காலேஜ் இருக்கற ஓட்டேரி. ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைஞ்சு நான் போனதில்ல. சாயங்காலம் திரும்பும்போது இருட்டிடும். பொண்ணு லேட்டா வர்றான்னு தெருவுல நாலு பேர் பேசற பேச்சை எந்த ஸ்காலர்ஷிப்பும் ஈடுகட்டாது. பதினெட்டு வயசுல மாசம் பத்தாயிரம் சொச்சம் கையில வர்ற வேனைக் குறை சொல்ற தைரியம் எனக்கில்ல. என் ஒன்னுவிட்ட அக்கா பொண்ணு அதுலதான் போறா, அவ சம்பாத்தியத்துலதான் வீடு ஓடுது.

மேல்விஷாரத்துல ஒரு நண்பர் சொன்னது இதோட சேரும். ஆம்பளைப் பசங்களுக்கு அங்க அப்துல் ஹக்கீம் காலேஜ் 1965லேருந்து இருக்கு. ஊருக்குள்ளயே பொண்ணுங்களுக்குத் தனி காலேஜ் வந்த பிறகுதான் தன் வீட்டுப் பொண்ணுங்க கிளம்பினாங்களாம். மதமும் மாறல, மனசும் மாறல, தூரம்தான் மாறிச்சு.

மலைப் பசங்களுக்கு வேற ஒரு வண்டி. ஆந்திராக் காட்டுக்குச் செம்மரம் வெட்டக் கூட்டினு போற வண்டி. 2015 ஏப்ரல் 7 சேஷாசலத்துல சுடப்பட்ட 20 பேர்ல ஜவ்வாதுமலைக்காரங்களும் இருந்தாங்க. அதைப் பத்தி இதுக்கு மேல எழுத எனக்குக் கை வரல.

பீடித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைங்களுக்கு மத்திய அரசு உதவித்தொகை இருக்கு, காலேஜ் வரைக்கும். பீடி கார்டு வேணும். எங்க அம்மாவுக்கு கார்டு இருந்துச்சு, பெட்டிக்கு அடியில, துணியில சுத்தி. அது எதுக்குன்னு எங்க யாருக்கும் தெரியாது. நான் டிகிரி முடிச்சு நாலு வருஷம் கழிச்சு தெரிஞ்சுது.

10.06.2025

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் பேரை ஒருத்தர் இழுத்தாரு. பொருத்தம்தான். 1918ல வேலூர்ல பொண்ணுங்களுக்கு மட்டும்னு மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சாங்க. ஆம்பளைங்களுக்குக் கதவு திறந்தது 1947ல. அன்னிக்கும் "நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கு டாக்டருக்குப் படிக்க இஷ்டமில்ல"ன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கலாம்.

22.06.2025, இரவு 11.50

இதை எழுதலாமா வேணாமான்னு ஒரு மாசமா யோசனை. 13.05 அன்னிக்கு எழுதினதைத் திரும்பப் படிச்சேன். "மொத்தப் பிரச்சினையும் காயிதம்தான்"னு எவ்வளவு சுளுவா எழுதியிருக்கேன். ஆபீஸ் மேல பழி போட்டா வேலை முடிஞ்சுது.

2021. கொரோனா வருஷம். பரீட்சையே இல்லாம மார்க் வந்துச்சே, அந்த வருஷம். கடை வாசல்ல கயிறு கட்டி ஒவ்வொருத்தரா உள்ள விட்டேன். ஒரு நாளைக்கு நாப்பது ஐம்பது விண்ணப்பம். ஒவ்வொண்ணுக்கும் மெயில் ஐடி வேணும். பசங்களுக்கு மெயில் இருக்காது. புதுசா ஒண்ணு திறக்கணும்னா பத்து நிமிஷம், பாஸ்வேர்டை எழுதிக் குடுக்கணும், அவன் தொலைச்சுடுவான். அதனால நான் என்ன பண்ணேன்? என் கடை மெயிலையே போட்டேன். எல்லாருக்கும். ரெண்டு ரூபா விண்ணப்பத்துக்கு நூறு ரூபா வாங்கினு.

கலந்தாய்வுக்கு வரச் சொல்லி ஒரு பையனுக்கு மெயில் வந்துச்சு. என் பெட்டிக்குத்தான். விளம்பரம், கரண்ட் பில், அதுக்கு நடுவுல. நான் பார்த்தது எட்டு நாள் கழிச்சு. அவன் குடுத்திருந்த போன் நம்பர் ரீசார்ஜ் இல்லாம இன்கமிங் கட்டு. எஸ்.சி. பையன், அப்பா செங்கல் சூளை, 500க்கு மேல மார்க்.

நான் அவன் வீட்டுக்குப் போகல. எட்டு நாள் தாண்டிடுச்சு, போயி என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன். இப்ப அவன் டாட்டா ஏஸ் ஓட்டறான். என் கடைக்கு வருவான், ஆர்.சி. புக், லைசென்ஸ் ஜெராக்ஸ் எடுக்க. "அண்ணா"ன்னுதான் கூப்பிடுவான். ரெண்டு ரூபா சில்லறை இல்லன்னா "அப்புறம் குடுணா"ம்பான்.

ஸ்டாம்பு ஒட்டின உறையை என்கிட்ட வாங்கி வச்சுனு அனுப்பாம விட்டாங்கன்னு முப்பது வருஷமா கதை சொல்லினு இருக்கேன். நான் பண்ணினது வேற என்ன?

23.06.2025

ஆறுதல் சொன்னவங்களுக்கு நன்றி. திட்டினவர் சொன்னதுதான் சரி.

அந்த வருஷத்துக்கு அப்புறம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மெயில், பாஸ்வேர்டு மார்க் ஷீட் ஜெராக்ஸ் பின்னாடி பேனாவுல. லிஸ்ட் தேதியைச் சுவத்துல சாக்பீஸால எழுதி வைக்கறேன். எஸ்.டி.க்கும் எஸ்.சி.க்கும் காசு வாங்கறதில்ல. இதைப் புண்ணியம்னு எழுதல.

29.06.2025

செடிப் பொண்ணுக்கு சீட்டு கிடைச்சிருச்சு. வேலூர்ல ஒரு அரசுக் காலேஜ், தாவரவியல். ஹாஸ்டல்லயும் இடம். அந்த அய்யா சாமைப் பை ஒண்ணு கொண்டாந்து குடுத்தாரு. வீட்ல பொங்கல்.

16.11.2025, ஞாயிறு

இந்தப் பக்கத்தைத் திறந்து நாலரை மாசம் ஆச்சு. சந்தோஷமா முடிஞ்சுதுன்னு நினைச்சிருப்பீங்க, நானும் நினைச்சேன்.

தீபாவளிக்கு வந்த பொண்ணு திரும்பிப் போகல. வெள்ளிக்கிழமை சந்தையில அவங்க அப்பாவைப் பார்த்தேன். "வேணாங்குது சார். எஸ்டேட்டுக்குப் போவுதாம்."

"இன்னாத்துக்கு?"

"காசு கட்டணுமாம். அந்த ஆயிரம் ரூபாயும் வரலியாம். எல்லாப் பொண்ணுக்கும் வந்துச்சாம், இதுக்கு மட்டும் வரல."

செமஸ்டர் பரீட்சை ஃபீஸ். பெரிய தொகை இல்ல. ஹாஸ்டல்ல அறைத் தோழிகிட்ட ஏற்கெனவே வாங்கின கடன், மறுபடி கேக்கக் கூச்சம். பொண்ணை வரச் சொன்னேன்.

வந்தா. ஃபீஸ் மட்டும் இல்லைன்னு உக்காந்து பேசினப்பத்தான் தெரியுது. பிளஸ் டூ வரைக்கும் தமிழ். இங்க பாடம் நடத்தறது முக்கால்வாசி இங்கிலீஷ். லேப்ல டீச்சர் ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டி இது என்னன்னு கேட்டிருக்காங்க. இவளுக்குத் தெரியும், ஆவாரை. எந்தக் காட்டுல எப்ப பூக்கும், எதுக்கு மருந்து எல்லாம் தெரியும். ஆனா நோட்டுல "சென்னா ஆரிகுலேட்டா"ன்னு எழுதணும். "ஆவாரம்பூன்னு சொன்னேன்ணா, எல்லாரும் சிரிச்சாங்க." டீச்சர் சிரிக்கலையாம், நல்லவங்களாம். பசங்கதான்.

ஜூன்ல சீட்டு வாங்கிக் குடுத்துட்டா ஆச்சுன்னு நினைச்சேன் பாருங்க. நான் ஜூன் ஆளு. நவம்பர்ல கூட நிக்க யார் இருக்கா?

20.11.2025, மாலை

அந்த ஆயிரம் ரூபாய் கதை.

புதுமைப் பெண் திட்டத்துப் பணம் ஆதார் எந்த பேங்க் கணக்கோட இணைஞ்சிருக்கோ அங்கதான் போகும், நாம எந்த பாஸ்புக்கைக் குடுத்தோம்ன்றது பேச்சே இல்ல. இவ காலேஜுக்குக் குடுத்தது வேலூர்ல புதுசாத் திறந்த கணக்கு. ஏழாவது படிக்கும்போது ஸ்கூல்ல ஸ்காலர்ஷிப்புக்காக எல்லாப் பிள்ளைங்களுக்கும் மொத்தமா ஒரு கணக்கு திறந்தாங்களாம். அதை இவளே மறந்துட்டா. ஆதார் இன்னும் அதுலதான் குந்தினு இருக்கு.

நேத்து அந்த பேங்குக்குக் கூட்டினு போனேன். பாஸ்புக்கு இல்ல, ஆதாரை வச்சுத் தேடினாங்க. பிரிண்டர்ல புத்தகத்தைச் சொருகினதும் கர்ர் கர்ர்னு வரி வரியா விழுது. மூணு மாசப் பணம். காசு வரலைன்னு காலேஜை விட்டவ கணக்குல காசு வந்துனே இருந்திருக்கு.

அவ சிரிக்கல. கொஞ்ச நேரம் அந்தப் புத்தகத்தையே பார்த்துனு இருந்தா. அப்புறம் "அண்ணா, ஃபீஸ் கட்ட இன்னும் தேதி இருக்கா?"

அபராதத்தோட இருந்துச்சு. கட்டியாச்சு.

23.11.2025

திங்கக்கிழமை முதல் வண்டிக்கு ஏறிடறேன்னு சொல்லியிருக்கா. செடிப் பேருக்கு ஒரு வழி பண்ணிக் குடுத்திருக்கேன். ஒரு நோட்டுல இடது பக்கம் அவ சொல்ற பேரு, வலது பக்கம் லத்தீன் பேரு, தமிழ் எழுத்துல. நான் லத்தீன் தேடித் தர்றேன், அவ தமிழ் சொல்றா. ஒரு ராத்திரியில அம்பது ஆச்சு. இருபதுக்கு மேல எனக்கே தமிழ்ப் பேர் தெரியல. ஊர்க்காரன்னு பேரு.

06.12.2025, இரவு

காட்பாடிக்காரர் திரும்ப வந்து "நான் கேட்ட விதம் தப்பு, இப்ப என்ன செய்யலாம்?"னு கேட்டிருக்கார். மன்னிப்பெல்லாம் வேணாம் சார், நீங்க கேக்கலைன்னா நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வி.ஐ.டி.யில ஸ்டார்ஸ்னு கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு இலவசப் படிப்பு இருக்கு, உங்களுக்குப் பக்கம்தானே, அதோட விவரத்தை விசாரிச்சுத் தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, ஜெராக்ஸ் போட்டு பள்ளிக்கூடத்துல ஒட்டறேன். அப்புறம் மே, ஜூன்ல நாலு சனிக்கிழமை கடைக்கு வாங்க. லேப்டாப் இருந்தா எடுத்துனு வாங்க. செமஸ்டர் ஃபீஸ் கட்டற மாசத்துல ஒரு போன் போடற வேலையும் உங்களுக்குத்தான், எட்டு பேர் நம்பர் தர்றேன்.

இன்னொண்ணு. டாட்டா ஏஸ் பையன் இன்னிக்கு வந்தான், இன்சூரன்ஸ் ஜெராக்ஸ். கடையில வேற யாரும் இல்ல. சொல்லிட்டேன். மெயில் வந்தது, நான் எட்டு நாள் பார்க்காதது, எல்லாம்.

மிஷின்லேருந்து காயிதம் வர்ற வரைக்கும் பேசாம நின்னான்.

"தெரியும்ணா. அன்னிக்கே காலேஜ்ல போயி கேட்டேன், மெயில் அனுப்பினோமேன்னாங்க. எந்த மெயில்னு கேட்டேன், காட்டுனாங்க. உன் கடைப் பேரு இருந்துச்சு."

நாலு வருஷமா தெரிஞ்சுனேதான் வந்து போயினு இருந்திருக்கான்.

காசை எண்ணி வச்சான். வண்டியில ஏறினவன் திரும்ப இறங்கி வந்தான்.

"என் தங்கச்சி பிளஸ் ஒண்ணு படிக்குதுணா. அடுத்த வருஷம் உன்கிட்டதான் வரும். மெயிலை அது போன்லயே போட்டுக்குடு."